எரியளந்த உணவும் உடலளந்த உணவும்

புத்தளக் கடனீரேரியின் கரைவழியே செல்பவருக்கு உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் கருவாடு உலரும் மணல்வெளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சி தரும். அவற்றினிடையே, நுரைச்சோலையில் லக்விஜய அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வானளாவி நிற்கின்றது. 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் 2014 ஆம் ஆண்டளவில் 900 மெகாவாற்று ஆற்றலுடையதாக வளர்ந்தது. அத்தகைய நிலையங்களுக்கு வந்திறங்கும் நிலக்கரியின் தரம் அதன் வெப்பப் பெறுமானங்கொண்டே மதிக்கப்படும். ஒரு கிராம் அளவான கரித்தூளை உருக்குக் கலமொன்றினுள் ஒட்சிசனுடன் அடைத்து எரித்து, வெளிப்படும் வெப்பத்தை அளப்பது அதற்குரிய முறையாகும். உடப்புக் கரையில் வலையிழுப்போர் உண்ணும் சோற்றுக்கும் தேங்காய்க்கும் கருவாட்டுக்கும் இத்துணைக் கலோரி என்று நூல்கள் கூறும் கணக்கும் அவ்வகைக் கலத்திலேயே பிறந்ததாகும்.

நிலக்கரியை உண்பது கொதிகலன். உணவை உண்பது உடல். இரண்டிற்கும் ஒரே அளவுகோல் எவ்வாறு பொருந்தலாயிற்று என்பதும், பொருந்தாத இடங்கள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதும் விஞ்ஞான வரலாற்றில் இருநூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு தொடர்கதையாகும். அக்கதையில் வரும் பிழைகள் இருவகையின. ஒருவகை கருவியைச் சார்ந்தது. அது வெப்பமானியும் துலாக்கோலும் திருந்தத் திருந்தக் குறைந்தது. மற்றையது கருவி தந்த விடையை எந்த வினாவுக்கு உரியதெனக் கொள்வது என்பதைச் சார்ந்தது. அது இன்றும் முற்றாக நீங்கிற்றில்லை. பஞ்சகாலக் கூலியும் அகதிகளின் உணவுப் பங்கீடும் வறுமைக் கோடும் இக்கணக்கின்மேல் எழுப்பப்பட்டிருத்தலின், இது ஆய்வுகூடத்தோடு அமைந்துவிடும் செய்தியன்று.

பனிக்கட்டியும் கினிப்பன்றியும்

உணவு உடலினுள் எரிகின்றது என்னும் கருத்துக்கு அளவை முறையால் ஆதாரந் தேடியோர் பிரான்சிய அறிஞர் இலவோசியரும் இலப்பிளாசுமாவர். 1782–83 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவர்கள் பனிக்கட்டி சூழ்ந்த கலமொன்றினுள் கினிப்பன்றி ஒன்றைப் பத்து மணிநேரம் வைத்து, உருகிய பனிக்கட்டியின் நிறையை அளந்தனர். அது ஏறத்தாழ 13 அவுன்சாயிற்று. அவ்விலங்கு வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவுக்கு ஈடான கரியை எரித்திருப்பின் உருகியிருக்க வேண்டியது ஏறத்தாழப் பத்தரை அவுன்சேயாகும்.

வேறுபாடு சிறிதன்று. அதற்கு அவர்கள் கூறிய காரணங்களிலேயே பிற்காலத்துப் பிழைகள் யாவற்றுக்கும் வித்துக் காணப்படுகின்றது. குளிர்ந்த கலத்துள் இருந்த விலங்கின் கைகால்கள் தம் சொந்த வெப்பத்தை இழந்தன. அவ்வெப்பமும் உணவின் வெப்பமெனக் கணக்கில் ஏறியது. மூச்சோடு வந்த நீராவி குளிர்ந்து நீராகி, உருகிய நீரோடு கலந்தது. மூச்சின் காபனீரொட்சைட்டு அளக்கப்பட்டதோ குளிர் குறைந்த வேறொரு நிலையிலாகும். இவற்றோடு, உணவில் காபன் மாத்திரமன்றி ஐதரசனும் எரிகின்றது என்பதை இலவோசியர் பின்னர் எடுத்துரைத்தார். வெப்பம் புறத்தே கசிதல், நீராவி கணக்கைக் குழப்புதல், இரு நிலைகளில் அளந்தவற்றை ஒப்பிடுதல், எரிபொருளின் இயைபை முற்றாக அறியாமை என்னும் நான்கும் முதற்சோதனையிலேயே முகங்காட்டின. 1794 ஆம் ஆண்டில் இலவோசியர் கொலைத்தண்டனைக்கு உள்ளாகியதால் அவ்வாய்வு அவர்கையில் முற்றுப்பெறவில்லை.

மலையேறியோரின் கணக்கு

தசையின் உழைப்பு புரதத்தினாலேயே நிகழ்கின்றது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓங்கி நின்ற கொள்கை. அதனைச் சோதிக்க எண்ணிய பிக்கு, விசிலிசெனசு என்னும் இருவர் 1865 ஓகத்து 30 ஆம் நாள் சுவிற்சலாந்தின் பவுல்கோண் மலையில் ஏறினர். ஏற்றம் ஏறத்தாழ 1950 மீற்றர். முன்னரும் ஏறும்போதும் அவர்கள் புரதமற்ற உணவையே உண்டனர். சிறுநீரின் நைதரசனைக்கொண்டு உடலிற் சிதைந்த புரதத்தின் அளவைக் கணித்தபொழுது, அதன் முழு வெப்பமும் அம்மலையேற்றத்துக்குப் போதாதென்று தெரிந்தது. ஆனால் ஒரு கிராம் புரதத்தின் வெப்பம் யாதென்பதை அவர்கள் நேரே அறிந்திலர், உய்த்துணர்ந்தே கணக்கிட்டனர்.

அக்குறையை நீக்க முன்வந்தவர் ஆங்கில இரசாயன அறிஞர் பிராங்கிளாந்து. 1866 ஆம் ஆண்டில் அவர் இறைச்சி, வெண்ணெய், உருளைக்கிழங்கு முதலிய உணவுகளைப் பொற்றாசியங் குளோரேற்றுடன் கலந்து, நீரினுள் அமிழ்த்திய குழாயில் எரித்து வெப்பத்தை அளந்தார். குளோரேற்றுத் தானே பிரிவுறும்போதும் வெப்பம் எழுமாதலின் அதனைக் கழிக்கவேண்டியிருந்தது. நீரினூடே குமிழிட்டு வெளியேறிய வாயுக்களும் ஓரளவு வெப்பத்தைக் கொண்டுசென்றன. எனவே அவர் கண்ட எண்கள் இன்றைய நோக்கில் முற்றும் செப்பமானவையல்ல. எனினும் அவர் செய்த ஒரு செயல் போற்றற்பாலது. உடல் புரதத்தை முடிவுவரை எரிப்பதில்லை. எரியத்தக்க யூரியாவைச் சிறுநீரில் விடுகின்றது. இதனை உணர்ந்து, யூரியாவையும் தனியே எரித்து அளந்து, புரதத்தின் வெப்பத்தினின்றும் அதனைக் கழித்தார். கலத்தின் கணக்கும் உடலின் கணக்கும் வெவ்வேறு என்பது அன்றே எண்வடிவம் பெற்றது.

உருக்குக் கலமும் அதன் பிழைகளும்

1881 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் பேர்தெலோ குண்டுக் கலோரிமானியை வெளியிட்டார். உட்புறம் பிளாற்றினம் பூசிய தடித்த உருக்குக் கலத்தில் ஒட்சிசனை அமுக்கி நிரப்பி, மின்னாற் சூடேறும் நுண்கம்பியினால் பொருளைப் பற்றவைத்து, கலத்தைச் சூழ்ந்த நீரின் வெப்பநிலை ஏற்றத்தை அளப்பது அதன் இயல்பு. 1892 ஆம் ஆண்டில் மாலேர் என்பவர் பிளாற்றினத்துக்குப் பதிலாக எனாமல் பூசி அதன் விலையைக் குறைத்தார். அதன்பின் அக்கருவி நிலக்கரி வணிகத்திலும் உணவாராய்ச்சியிலும் ஒருங்கே புகுந்தது.

கருவி எளிது, பிழை பல. இக்கால வழக்கில் ஒரு கிராம் அளவான பொருள், ஏறத்தாழ 30 வளிமண்டல அமுக்கமுள்ள ஒட்சிசனில் எரிக்கப்படும். ஒரு கிராம் பென்சோயிக்கமிலம் 6.32 கிலோகலோரி வெப்பந் தரும். கலமும் நீரும் சேர்ந்து 2.4 கிலோகிராம் நீருக்கு ஈடாயின், வெப்பநிலை ஏறத்தாழ 2.6 பாகை உயரும். இவ்வளவு சிறிய ஏற்றத்தில் ஒரு பாகையின் நூற்றிலொரு பங்கு தவறினும் விடையில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு தவறும். வெப்பமானியை வாசிப்பவரின் கண்ணே முதற்பிழைக்கு இடமாயிற்று.

இரண்டாவது பிழை வெப்பக் கசிவு. நீர் சூடேறும் சில நிமிடங்களில் அது சுற்றுப்புறத்துக்கு வெப்பத்தை இழக்கும். அதனைக் கலக்கும் துடுப்பு சிறிது வெப்பத்தைச் சேர்க்கும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் வெப்பநிலை மாறும் வேகத்தைக் குறித்துக் கழித்தல் ஒரு பரிகாரம். நீரைச் சூழ்ந்த உறையின் வெப்பநிலையையும் உள்நீரோடு ஒக்க உயர்த்திக் கசிவையே தடுத்தல் மற்றொரு பரிகாரம்; அமெரிக்க அறிஞர் தியோடர் இரிச்சாட்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைச் செப்பஞ் செய்தார்.

மூன்றாவது, எரியவேண்டாதன எரிதல். பற்றவைக்கும் கம்பி தானும் எரிந்து வெப்பந் தரும். கலத்தில் எஞ்சியிருந்த காற்றின் நைதரசனும் உணவின் நைதரசனும் ஓரளவு நைத்திரிக்கமிலமாகி வெப்பத்தை வெளிவிடும். புரதத்திலுள்ள கந்தகம் சல்பூரிக்கமிலமாகும். சோதனை முடிவில் கலத்தைக் கழுவி, அந்நீரிலுள்ள அமிலத்தை வலுப்பார்த்து இவற்றைக் கழிப்பர். நான்காவது, எரியவேண்டியன எரியாமை. கலத்தின் அடியிற் கரிப்பொடி காணப்படின் அச்சோதனையை விலக்கிவிடுதலே முறை.

ஐந்தாவது பிழை இவையனைத்துக்கும் அடியிற் கிடப்பது. கலத்தின் வெப்பக் கொள்ளளவை அறிவதற்கு, வெப்பம் முன்னரே அறியப்பட்ட ஒரு பொருளை எரித்தல் வேண்டும். கரும்புச் சீனி எளிதிற் பற்றாது. நத்தலீன் நிறுக்கும்போதே ஆவியாகும். பென்சோயிக்கமிலமோ ஈரத்தை ஈர்க்காது, வில்லையாக அழுத்தத்தக்கது, தூயதாகக் கிடைப்பது. அமெரிக்க நியம அலுவலகத்தில் டிக்கின்சன் 1915 ஆம் ஆண்டளவில் இம்மூன்றையும் அளந்து வெளியிட்ட ஆய்வின்பின் பென்சோயிக்கமிலமே உலகின் பொது நியமமாயிற்று. நியமம் ஒன்றாகவே, வெவ்வேறு நாட்டு ஆய்வுகூடங்களின் எண்கள் ஒப்பிடத்தக்கனவாயின.

இங்கே கொதிகலனுக்குரிய ஒரு வேறுபாட்டையும் குறித்தல் தகும். எரிபொருளின் ஐதரசன் ஒரு பங்கு ஒன்பது பங்கு நீராகும். மூடிய கலத்தில் அந்நீராவி குளிர்ந்து நீராகி, கிராமுக்கு ஏறத்தாழ 0.58 கிலோகலோரி மறைவெப்பத்தைத் திருப்பித் தரும். மின்நிலையத்திலோ அது புகைபோக்கி வழியே போய்விடும். ஆதலின் நிலக்கரி வணிகர் மொத்தப் பெறுமானம், நிகரப் பெறுமானம் என இரண்டினைக் கூறுவர். கலம் கூறுவது கொதிகலனுக்கே முழுதும் பொருந்தாதாயின், உடலுக்கு எங்ஙனம் பொருந்தும்?

தேங்காயும் கருவாடும்

புத்தளக் கரையின் உணவுகளை எடுத்து நோக்கின், கலத்துள் வைக்குமுன்னரே தோன்றும் பிழைகள் நன்கு விளங்கும். அவற்றுட் தலையாயது ஈரம். இந்தியாவிற் பயின்றுவரும் உணவு அட்டவணை ஒன்று பச்சைத் தேங்காய் 100 கிராமுக்கு 444 கிலோகலோரி என்று கூறும். அமெரிக்க அட்டவணை 354 என்று கூறும். காண்பவர் இவற்றுளொன்று தவறென்றே எண்ணுவர். ஆயின் முன்னையதில் நீர் நூற்றுக்கு 36 பங்கு. பின்னையதில் 47 பங்கு. நீரை நீக்கி உலர்பொருளுக்குக் கணித்தால், கிராமுக்கு முறையே 6.97, 6.68 கிலோகலோரி வரும். நூற்றுக்கு இருபத்தைந்து பங்காய்த் தோன்றிய முரண்பாடு நான்கு பங்காகச் சுருங்கிவிடுகின்றது. தேங்காயின் முற்றலும் இளமையுமே அட்டவணைகளை வேறுபடுத்தின. எரிப்பின் தவறு அதிற் சிறுபங்கே.

கொழுப்பு மிக்க தேங்காயை அரைக்கும்போது எண்ணெய் பிரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும்; எஞ்சிய தூள் தேங்காயின் உண்மையான இயைபைக் காட்டாது. கலத்தில் அது வேகமாக எரிந்து சிதறுதலுமுண்டு. இம்மாவட்டத்தின் தென்பகுதியில் உலுணுவிலவில் 1929 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, தெங்கு ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்த நிலையம் போன்ற ஆய்வுகூடங்களில் ஈரத்தையும் எண்ணெயையும் முதற்கண் அளப்பது இக்காரணம் பற்றியேயாகும்.

கருவாட்டின் நிலை வேறு. அதன் உப்பு எரிவதில்லை. நிறையை மாத்திரம் கூட்டும். கடற்காற்றிலுள்ள ஈரத்தை அது ஈர்த்துக்கொள்ளும். காலையில் நிறுத்த கருவாடு மாலையில் அதே நிறையினதாய் இராது. நூற்றுக்கு 15 பங்கு ஈரமுள்ள மாதிரியைக்கொண்டு அட்டவணை எழுதப்பட்டு, சந்தையில் விற்பது 30 பங்கு ஈரமுள்ளதாயின், வாங்குபவர் பெறும் உணவாற்றல் அட்டவணை கூறுவதிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குறையும். கலத்தின் உள்ளே ஆயிரத்திலொரு பங்கைத் தேடி உழைத்தவரின் செம்மையெல்லாம் கலத்தின் வெளியே, துலாத்தட்டில் அழிந்துபோகும்.

உடலின் கழிவுக் கணக்கு

செர்மானிய அறிஞர் உருப்னர் 1880 களில் உணவுவகைகளுக்கு உடலிலுள்ள பெறுமானங்களைக் கிராமுக்குக் காபோவைதரேற்று 4.1, புரதம் 4.1, கொழுப்பு 9.3 கிலோகலோரி என வகுத்தார். பின்னர் நாயொன்றைக் கலோரிமானிக்குள் வைத்து ஆராய்ந்து, அது வெளிவிட்ட வெப்பமும் உணவிலிருந்து கணித்த வெப்பமும் நூற்றுக்கு ஒருபங்கிலும் குறைவாகவே வேறுபட்டன என 1894 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இலவோசியர் தொடங்கிய கணக்கு ஒரு நூற்றாண்டின் பின் நேராயிற்று.

அமெரிக்காவில் உவெசிலியன் பல்கலைக்கழகத்தில் அற்வாற்றர் என்பார் மனிதனே உள்ளிருந்து உண்டு உறங்கி உழைக்கத்தக்க அறையொன்றை அமைத்தார். அறையினுள் நிறுத்த அற்ககோலை எரித்து, கணித்த வெப்பம் கிடைக்கின்றதா என்று முதலிற் சோதித்த பின்னரே மனிதரை உள்ளே இருத்தினார். அவர் வகுத்த கணக்கு இது: புரதம் கலத்திற் கிராமுக்கு 5.65 கிலோகலோரி தரும், சிறுநீரில் 1.25 கழியும், எஞ்சிய 4.4 இல் நூற்றுக்கு 92 பங்கே செரிக்கும். ஆகவே உடலுக்குக் கிடைப்பது 4. கொழுப்புக்கு 95 பங்கும் காபோவைதரேற்றுக்கு 97 பங்கும் செரிமானமெனக் கொண்டு 8.9, 4 என்னும் எண்களைப் பெற்றார். இன்று உணவுப் பொதிகளின் மேல் அச்சிடப்படும் கலோரிக் கணக்குக்கு அடிப்படையான 4, 9, 4 என்பன இவையே.

இக்கணக்கில் ஓருண்மை வெளிப்படும். கலம் காட்டும் மிகை எல்லா உணவுக்கும் ஒரேயளவினதன்று. தேங்காயெண்ணெய்க்கும் அரிசி மாவுக்கும் அது நூற்றுக்கு நாலைந்து பங்கே. புரதத்துக்கோ ஏறத்தாழ 29 பங்காகும். ஆகவே கலத்தின் எண்ணை அப்படியே கொள்வாராயின், மீனை நம்பி வாழும் கரையோரத்தார்க்கே தவறு மிகப் பெரிதாகும். ஒடியல் போன்ற நார்மிக்க உணவிலும் இத்தகைய மிகையுண்டு. நார் கலத்தில் மாவைப்போல் முற்றாக எரிந்துவிடும். மனிதக் குடலோ அதனிற் சிறுபகுதியையே பயன்கொள்ளும். தேங்காய்ப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லுணவாதலும் மனிதர்க்கு ஆகாமையும் எரித்துப் பார்ப்பார்க்குத் தெரியவரா.

அற்வாற்றரின் எண்களும் எல்லை கடந்தனவல்ல. அவருடைய செரிமான வீதங்கள் அமெரிக்கரின் கலப்புணவுக்கு உரியன. 1955 ஆம் ஆண்டில் மெரில், உவாற்று என்னும் இருவர் ஒவ்வோருணவுக்கும் தனித்தனி எண்களை வெளியிட்டனர். அவற்றின்படி கொட்டை வகைகளின் கொழுப்புக்குக் கிராமுக்கு 9 இன்றி 8.37 கிலோகலோரியே கொள்ளப்படும். அவ்வெண்ணைத் தேங்காய்க்கும் கொள்ளின், முற்கூறிய இந்திய அட்டவணைத் தேங்காய் 100 கிராமில் 26 கிலோகலோரி குறையும்.

கணக்கின்மேல் நின்ற உயிர்கள்

இவ்வெண்கள் மக்கள் வாழ்வை எவ்வாறு தொட்டன என்பதற்குச் சென்னை மாகாணத்துப் பெரும்பஞ்சம் ஒரு சான்று. 1877 ஆம் ஆண்டில் சேர் இரிச்சட் தெம்பிள் நிவாரண வேலையாளொருவனின் நாட்கூலியை ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த கோர்னிசு, அவ்வுணவு உழைப்பவனுக்குப் போதாதென, உடலியல் அறிஞரின் கணக்குகளையும் கண்ணெதிரே மெலிந்த மக்களையும் காட்டி வாதிட்டார். குண்டுக் கலோரிமானி தோன்ற இன்னும் நான்காண்டு இருந்தது. அன்று எவரிடமும் ஐயமற்ற எண் இருந்திலது. இன்றைய அட்டவணைகளின்படி ஓர் இறாத்தல் அரிசியின் ஆற்றல் 1550 க்கும் 1650 க்கும் இடைப்பட்ட கிலோகலோரியேயாகும். மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைப்பவனுக்கு அது போதாதென்பதற்குச் செப்பமான கருவி வேண்டியதில்லை. ஆயினும் கோர்னிசின் கண்கண்ட சான்று எண்ணில்லாமையால் எளிதில் ஏற்கப்படவில்லை. பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. அதற்கிடையில் மாண்டவர் மாண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் எண்கள் கிடைத்தன. குன்னூர் ஆய்வுகூடத்தினின்று ஐக்றொயிட் 1937 ஆம் ஆண்டில் இந்திய உணவுகளின் போசாக்குப் பெறுமானத்தை அட்டவணையாக வெளியிட்டார். கொழும்பில் பற்றீரியவியல் நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த நிக்கொல்சு 1938 ஆம் ஆண்டில் அயனமண்டலப் போசாக்குப் பற்றிய நூலை எழுதினார். பங்கீடுகளுக்கும் திட்டங்களுக்கும் இத்தகைய அட்டவணைகளே அடிப்படையாயின. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்து, பல்லாண்டு உலருணவுப் பங்கீட்டைப் பெற்று வாழ்ந்தனர். அத்தகைய பங்கீட்டுக்கு அனைத்துலக நிவாரண அமைப்புகள் வகுத்த வழிகாட்டி ஆளுக்கு நாளொன்றுக்கு 2100 கிலோகலோரியாகும். இலங்கைத் தொகைமதிப்புத் திணைக்களம் 2002 ஆம் ஆண்டு ஆய்வைக்கொண்டு வகுத்த வறுமைக் கோடும் 2030 கிலோகலோரி உணவை அடிப்படையாகக் கொண்டது. அன்று அக்கோடு ஆளுக்கு மாதம் 1423 உரூபாவாயிற்று. அட்டவணை நூற்றுக்கு ஐந்து பங்கு மிகைப்படக் கூறின், நாளொன்றுக்கு நூறு கிலோகலோரி குறையும். கோட்டை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு அது ஒருபிடி அரிசி.

ஆறிய சோறு

கலத்துக்கும் உடலுக்குமுள்ள இடைவெளியை அண்மையில் எடுத்துக்காட்டியோர் இலங்கையரே. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸ் என்னும் மாணவரும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டத்தில் ஓராய்வை வெளியிட்டனர். கொதிநீரிற் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கி, பன்னிரண்டு மணிநேரம் குளிரவைத்தால், மாப்பொருளின் ஒருபகுதி எளிதிற் செரியாத வடிவம் அடைகின்றது என்பது அதன் சாரம். அச்சோற்றைக் கலத்தில் எரித்தால் வெப்பம் குறையாது. எண்ணெயினாற் சிறிது கூடவுஞ் செய்யும். உடல் பெறுவதோ குறையக்கூடும். எவ்வளவு குறையுமென்பதை மனிதரிடத்து அளந்தே துணிதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாதுமைக் கொட்டையை மனிதர்க்கு உண்ணக்கொடுத்து ஆராய்ந்தபொழுது, பொதுவெண்களாற் கணித்ததிலும் உண்மை ஆற்றல் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்திருக்கக் காணப்பட்டது. மெல்லப்படாது எஞ்சிய கலச்சுவர்களுள் எண்ணெய் அடைபட்டுக் கழிந்தமையே காரணம்.

இலவோசியரின் பனிக்கட்டி முதல் இற்றைநாள் ஆய்வுவரை தொடர்ந்து நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். கருவியின் பிழையைக் கருவியே திருத்தியது. வெப்பமானியும் உறையும் நியமப் பொருளும் அதற்குப் போதியனவாயின. அளந்ததன் பொருளை உணர்வதற்கோ, யூரியாவைக் கழித்த பிராங்கிளாந்தையும் மனிதரை அறையிலிருத்தி உண்பித்த அற்வாற்றரையும்போல, உண்பவனிடத்தே திரும்பிச் செல்லவேண்டியிருந்தது. புத்தளக் கரையிற் கருவாட்டை நிறுக்கும் துலாக்கோலும், பங்கீட்டு அரிசியை அளக்கும் கையும், வறுமைக் கோட்டை வரையும் எழுதுகோலும் அக்கணக்கின் உறுப்புகளேயாம். எரி தன் அளவைத் தவறாது கூறும்; அதனை உடலின் அளவாக மாற்றியுரைக்கும் பொறுப்பு கற்றோருடையது.